பெரியப்பா வாங்கின பெரிய பைனாகுலர்

நீங்கள் எல்லாரும் போன கிழமை பெரியப்பா செத்த முப்பத்தொண்டுச் சடங்குக்கு வந்து, வடை பாயசத்தோட நல்லாச் சாப்பிட்டு, அந்த மனிசனைப் பற்றி ஆளுக்கொரு புழுகு புழுகிப்போட்டுப் போனியள். நானும் ஒரு மூலைக் கதிரையில இருந்து கேட்டனான். "எங்கட பிள்ளையள் இந்த நாட்டில பயமில்லாமல் வேட்டைக்குப் போகத் துவங்கினதெண்டால் அது அவராலதான். முதல் பைனாகுலர் வாங்கிக் குடுத்ததே அவர்தான்" எண்டு உங்களில ஒராள் எழும்பி நிண்டு சொன்னீங்கள். மற்ற எல்லாரும் தலையாட்டினியள். எனக்கு வாய்க்குள்ள போன பாயசம் புளிச்சுது. சடங்கு வீட்டில சண்டை வேண்டாம் எண்டு பேசாமல் இருந்திட்டன். இப்ப சொல்லுறன், கேளுங்கோ. எங்களுக்கெல்லாம் அறுபது தாண்டியாச்சு, இனி ஆருக்குப் பயம்?

அவர் பைனாகுலர் வாங்கினவர்தான். அதை நான் இல்லையெண்டேல்லை. என்ர பைனாகுலரைக் கொண்டுபோய்க் கடையில குடுத்துப்போட்டு வாங்கினவர். அந்த மிச்சக் கதையை ஒருத்தரும் சொல்லேல்லை.

எழுபதுகளின்ர நடுப்பகுதி அது. இந்த நாட்டில, நோபல் பார்க் எண்ட ஊரில, பெரியப்பாவின்ர வீட்டில நாங்கள் ஒட்டுக்குடித்தனம். பெரியம்மா ஊரிலேயே செத்துப்போக, மகனைக் கூட்டிக்கொண்டு முதல் வந்தவர் அவர். பிறகு எங்களைக் கூப்பிட்டவர். அந்தக் கூப்பிட்டதை ஒரு நாளைக்கு ஒருக்காலாவது சொல்லிக் காட்டாமல் அவருக்குச் சோறு செமிக்காது. அப்பா டண்டினொங்கில ஒரு தொழிற்சாலையில மெசின் வேலை. அம்மா அந்த வீட்டில ஐஞ்சு பேருக்கும் சமைக்கிறது, தோய்க்கிறது, பெரியப்பாவின்ர சேர்ட்டுக்கு அயன் பிடிக்கிறது. வாய் திறக்கமாட்டா. திறந்தாலும் "ஓம் பெரியத்தான்" எண்டு சொல்லத்தான். எனக்குப் பன்ரெண்டு வயசு. பெரியப்பாவின்ர மகன், நான் அண்ணா எண்டு கூப்பிடுறவன், என்னைவிட ரெண்டு வயசு மூப்பு.

அந்த வீட்டுக் குளிரை நினைச்சால் இப்பவும் எனக்குக் கால் விறைக்குது. மண்ணெண்ணெய் ஹீற்றர் ஒண்டு ஹோலுக்குள்ள புகைச்சுக்கொண்டு நிக்கும், அதுக்கு முன்னால பெரியப்பாவின்ர கதிரை. வெக்கை முழுக்க அவருக்கு, மணம் எங்களுக்கு.

பக்கத்து வீட்டில ஒரு வெள்ளைக்காரர் இருந்தவர். ஸ்ரேசனடியில இறைச்சிக்கடை வைச்சிருந்தவர், நாங்கள் இறைச்சிக்கடை அங்கிள் எண்டுதான் சொல்லுறது. பெரியப்பா அவரைக் கண்டால் வேலிக்கு மேலால பல்லெல்லாம் காட்டி "குட் மோர்னிங்" சொல்லுவார். அங்கால திரும்பின உடன "இறைச்சி வெட்டுற சாதி, இவனோட என்ன கதை" எண்டு தமிழில சொல்லுவார். அதே பல்லுத்தான், அதே வாய்தான்.

அங்கிள் குளிர்காலத்தில சனிக்கிழமையளில பக்கன்ஹாம் பக்கம் ஒரு பண்ணைக்கு முயல் சுடப் போறவர். முயல் கிண்டிக் கிண்டிப் புல்லுத் தரையெல்லாம் பள்ளம், மாடு கால் முறியுது எண்டு பண்ணைக்காரன் கூப்பிடுவான். தன்ர மகளையும் கூட்டிக்கொண்டு போவார். பின்பக்கம் திறந்த அவரின்ர யூட் வண்டியின்ர முன் சீற்றில இன்னும் ஒராளுக்கு இடம் இருந்தது. ஒருநாள் வேலியில சாய்ஞ்சு நிண்டு எங்கள் ரெண்டு பேரையும் பாத்துக் கேட்டார், ஆருக்கு விருப்பம் எண்டு. எனக்கு உடனே கை உயர்ந்திட்டுது. அண்ணாவுக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுத்தும், அவன் ரெண்டு அடி பின்னால போனான். பெரியப்பா ஜன்னலுக்குள்ளால, "என்ர மோனும் வருவான்" எண்டு கத்தினார்.

அங்கிளிட்ட ஒரு சட்டம் இருந்தது. முதல் குளிர்காலம் முழுக்கக் கண் மட்டும்தான். பைனாகுலரால முயலைத் தேடிக் காட்டவேணும், துவக்கைத் தொடக்கூடாது. முயல் எங்க நிக்கும், எப்பிடி இருக்கும் எண்டு தெரியாத பிள்ளையிட்டைத் துவக்கைக் குடுத்தால் அது மாட்டைச் சுடும், இல்லையெண்டால் என்னைச் சுடும் எண்டு சொன்னார். பைனாகுலர் அவரவர் கொண்டுவரவேணும், அப்பத்தான் கவனமா வைச்சிருப்பினமாம். முதல் சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவார். ஆருக்குக் கண் நல்லமோ அவருக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சீற்.

அந்தச் சீற்றை நான் எப்பிடி ஆசைப்பட்டனான் எண்டு உங்களுக்குச் சொல்லி விளங்காது. பள்ளிக்கூடத்தில என்னோட ஒருத்தியும் கதைக்கமாட்டாளவை. வீட்டில பெரியப்பாவின்ர சத்தம். உலகத்தில எனக்கெண்டு ஒரு இடம் இருக்கெண்டால் அது அந்த யூட் வண்டியின்ர முன் சீற்தான் எண்டு பட்டுது.

பைனாகுலர் வாங்க டண்டினொங்குக்குக் கோச்சியில போனனான். ஸ்ரேசனுக்கு முன்னால ஒரு பழஞ்சாமான் கடை. கடைக்கார மனிசி வாயில சிகரட்டோட இருப்பா, ஒண்டும் கேக்கமாட்டா, "வாசலில நிண்டு பார், ஓடாத" எண்டு மட்டும் சொல்லுவா. தெருத் தெருவாச் சோடாப் போத்தல் பொறுக்கித் திருப்பிக் குடுத்த காசுதான் என்னட்டை. அதுக்குள்ளதான் வாங்கவேணும்.

சும்மா கண்டதை வாங்கிக்கொண்டு வரேல்லை நான். பெரிசு எல்லாத்தையும் முதல் தூக்கிப் பாத்தன். கழுத்து இழுபட்டுது, கை நடுங்க நடுங்க உள்ளுக்குத் தெரியிறதும் நடுங்குது. எத்தினை மடங்கு பெரிசாக் காட்டி என்ன, ஸ்ரேசன் போர்ட்டின்ர எழுத்து ஆடிக்கொண்டு நிக்குது. என்ர முகம் சின்னன். நடுப் பூட்டை மடிச்சுக் கிட்டக் கொண்டுவந்தாலும் சிலது என்ர கண்ணுக்குப் பொருந்தேல்லை, ரெண்டு வட்டம் ரெண்டு வட்டமாத்தான் நிண்டுது. பொருந்தினால் ஒரே வட்டம்தான் தெரியவேணும், அதை நானாத்தான் கண்டுபிடிச்சனான். ஒண்டுக்குள்ள பூஞ்சணம், சிலந்தி நூல் மாதிரி. இன்னொண்டு எங்கையோ விழுந்திருக்கு, ஒரு கோச்சி ரெண்டு கோச்சியாத் தெரியுது. கடைசியில ஒரு சின்னன். ஏழு மடங்குதான். தோல் உரிஞ்சு, வார் அறுந்து, பாக்க ஒரு லட்சணமும் இல்லை. ஆனால் கம்பியில இருந்த குருவி அதுக்குள்ள ஆடாமல் அசையாமல் இருந்தது. கழுத்தைச் சொறிஞ்சது கூடத் தெரிஞ்சுது. எண்டாலும் வாங்கேல்லை. இன்னொரு நாள் பின்னேரம், வெளிச்சம் மங்கிற நேரமாப் பாத்துத் திரும்பப் போய், நிண்ட லொறிக்கு அடியில இருந்த இருட்டை அதால பாத்தன். உள்ளுக்கு ஒரு பூனை படுத்திருந்தது. வெறுங் கண்ணுக்குத் தெரியாத பூனை. அப்பத்தான் காசைக் குடுத்தன்.

சப்பாத்து நூலைப் பின்னி வாராக் கட்டினன். அங்கிள் வேலிக்கு மேலால வாங்கிப் பாத்துப்போட்டு, "ஆர் தெரிஞ்செடுத்தது?" எண்டு கேட்டார். நான்தான் எண்டன். "நல்லாத் தெரிஞ்செடுத்திருக்கிறாய்" எண்டார். அவ்வளவுதான். அண்டைக்கு முழுக்க எனக்கு நிலத்தில கால் படேல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில பெரியப்பா கண்டிட்டார்.

"உதென்ன கழுத்தில?"

"பைனாகுலர், பெரியப்பா. முயல் பாக்க."

"பெட்டைப்பிள்ளைக்கு என்ன கண்டறியாத பைனாகுலர்? கழட்டு, கழட்டு." வாங்கிக் கண்ணில வைச்சார். "ஏழு மடங்கோ? உது விளையாட்டுச் சாமான். என்ர மோன் வெள்ளைக்காரனோட போகேக்க உப்பிடிக் குப்பையைக் கொழுவிக்கொண்டு போறதோ? உதைக் குடுத்து நல்லதொண்டு எடுக்கிறன்."

"அது என்ர, பெரியப்பா. என்ர காசு."

"என்ர வீட்டில இருந்துகொண்டு என்ர காசு உன்ர காசோ? வாய் காட்டாத."

நான் அப்பாவைப் பாத்தன். அப்பா சோத்தைப் பாத்தார். பிறகு படுக்கிற அறைக்குள்ள வந்து மெல்ல, "அண்ணை எங்கட நன்மைக்குத்தான் செய்வார், பிள்ளை" எண்டு சொன்னார். நன்மையாம். எனக்கு வந்த கொதியில தலாணியைக் கடிச்சுக் கிழிச்சனான்.

அடுத்தநாள் வேலையால வரேக்க பெரியப்பா ஒரு பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வந்தார். இருபது மடங்கு. பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி ரெண்டு குழாய். என்ர சின்னனை நான் வாங்கின அந்தக் கடையிலேயே குடுத்திட்டாராம். என்னட்டை ஒரு சொல்லும் கேக்கேல்லை. நான் மறுநாள் பள்ளிக்கூடத்தால நேர கடைக்கு ஓடினன். கடைக்கார மனிசி உதட்டைப் பிதுக்கினா, அது காலமை வித்துப்போச்சுதாம். பிறகு நான் அதைக் காணவேயில்லை. ஆரின்ர கழுத்தில தொங்கிச்சுதோ, எந்தக் குப்பைக்குப் போச்சுதோ.

இனித்தான் கேளுங்கோ. அந்த வீட்டுக்கு எது புதுசா வந்தாலும் சாமிப்படத்துக்கு முன்னால வைச்சுச் சந்தனம் குங்குமம் வைக்கிறது வழக்கம். பிரிஜ்ஜுக்கும் பொட்டு, ரீவிக்கும் பொட்டு, காரின்ர நெத்தியிலயும் பொட்டு. பைனாகுலரை மட்டும் விடுவரோ? கண்ட கண்ட சனமெல்லாம் கண் வைக்கும், நாவூறு படும் எண்டு சந்தனத்தைக் குழைச்சுக்கொண்டு வந்தார். முன்பக்கம் ரெண்டு பெரிய கண்ணாடியையும் பாத்தார், பெருவிரலால நடுவில அப்பப் போனார்.

"பெரியப்பா, கண்ணாடியில வைக்காதேங்கோ. விளிம்பில வையுங்கோ."

"சாமி விசயத்திலயும் வாய் காட்டுறியோ? கற்பூரத் தட்டைப் பிடி."

பிடிச்சன். நல்ல வடிவாத் தடிப்பாச் சந்தனம், அதுக்கு மேல குங்குமம். பிறகு திருப்பிப் பின்பக்கத்துக்கும். வெள்ளிக்கிழமை காலமை அது காய்ஞ்சு கல்லாப்போச்சுது. நகத்தால சுரண்டினார். போகேல்லை. உடன என்ன செய்தார் தெரியுமோ? குத்துவிளக்குத் துலக்கிற மாதிரி, ஈரத் துணியில திருநீற்றைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்கத் துவங்கினார். கரகரவெண்டு சத்தம் கேக்குது. தெளிவாத் தெரியக் கண்ணாடிக்கு மேல பூசியிருந்த அந்த ஊதா மினுக்கம் சுத்திச் சுத்திக் கழண்டு போறதை நான் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.

அப்பத்தான் எனக்கு வாய் திறந்தது. "இன்னும் கொஞ்சம் திருநீறு போட்டு அழுத்தித் தேயுங்கோ பெரியப்பா. அப்பத்தான் பளிச்செண்டு வரும்."

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" எண்டார். திருநீற்றுக் குடுவையை நானே எடுத்து நீட்டினன். அவர் அள்ளினார், தேய்ச்சார், வேர்க்க வேர்க்கத் தேய்ச்சார். என்ர வாழ்க்கையில நான் அவ்வளவு மரியாதையா ஒருத்தருக்கும் உதவி செய்யேல்லை. பாவம் எண்டு நீங்கள் நினைச்சால் நினையுங்கோ. எனக்கு அண்டைக்கும் பாவம் பாக்கத் தோணேல்லை, இண்டைக்கும் தோணேல்லை.

சனிக்கிழமை அங்கிளின்ர மகள் வீட்டில நிக்க, நாங்கள் ரெண்டு பேரும் முன் சீற்றில ஏறிப் போனம். "போய் அண்ணன் பாக்கிறதைப் பாத்துக்கொண்டு வரட்டும்" எண்டு பெரியப்பா என்னையும் விட்டவர். பண்ணையில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு, மிதிக்க மொறுமொறுவெண்டுது. மாட்டுச் சாணமும் யூக்கலிப்டஸ் இலையும் சேர்ந்த மணம். அங்கிள் ஒரு சரிவைக் காட்டி, "எங்க முயல்? ஆறுதலாப் பாத்துச் சொல்லுங்கோ" எண்டார்.

அண்ணா இருபது மடங்கைத் தூக்கினான். கை ஆடுது, அது ஆடுது. பாவம், மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பாத்தான். "அங்க மூண்டு... பெரிசு" எண்டு காட்டினான். அது தறிச்ச மரக்கட்டையள்.

அங்கிள் என்னைப் பாத்தார். "உன்ர சின்னப் பைனாகுலர் எங்க?"

"இல்லை" எண்டு மட்டும் சொன்னன். வேற என்ன சொல்ல? வெறுங் கண்ணால பாத்தன். சூரியன் அந்தச் சரிவுக்குப் பின்னால வந்துகொண்டிருந்தது. பன்னச் செடிப் பத்தைக்குப் பக்கத்தில ரெண்டு சின்ன ரோஸ் நிறம். முயலின்ர காதுக்குள்ளால வெயில் ஊடுருவினால் அப்பிடித்தான் தெரியும். "அந்தப் பத்தைக்கு இடப்பக்கம். காது" எண்டன். அங்கிள் தன்ர பைனாகுலரால பாத்தார். தலையாட்டினார். பிறகு அண்ணாவின்ர கழுத்தில கிடந்ததை வாங்கிக் கண்ணில வைச்சுப்போட்டு உடனேயே எடுத்திட்டார். "கஸ்ரட்டுக்குள்ளால பாக்கிற மாதிரிக் கிடக்கு. ஆர் இதை நாசமாக்கினது?" அண்ணா நிலத்தைப் பாத்தான். நான் வானத்தைப் பாத்தன்.

திரும்பி வந்து இறக்கி விடேக்க அங்கிள் சொன்னார், "அடுத்த சனிக்கிழமை நீ வா, பிள்ளை. என்ர ஷெட்டுக்குள்ள பழைய பைனாகுலர் ஒண்டு கிடக்கு, தாறன்." அண்ணாவின்ர முகத்தில அப்பிடி ஒரு நிம்மதி. அவனுக்கு முயலும் வேண்டாம், துவக்கும் வேண்டாம். அதை அவன்ர தேப்பனுக்குச் சொல்லத்தான் பயம்.

பெரியப்பா அந்தக் கிழமை முழுக்கக் குதிச்சார். "இறைச்சி வெட்டுறவனுக்கு என்ன தெரியும்? வெள்ளைக்காரனோட எங்கட குடும்பத்தில இருந்து ஒண்டு போறதெண்டால் ஆம்பிளைப் பிள்ளைதான் போகவேணும். அவன் போவான். இவள் குசினியில நிக்கட்டும்." அப்பா வழக்கம்போலச் சோத்தைப் பாத்தார்.

சனிக்கிழமை விடிய நான் சப்பாத்துப் போட்டு, கம்பளிச் சேர்ட்டுப் போட்டு, குசினிக்குள்ள நிண்டன். அம்மா தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டா. முன்கதவு தட்டுப்பட்டுது. பெரியப்பா அண்ணாவைப் பிடிச்சு முன்னால தள்ளுறது கேக்குது.

"பெட்டை எங்க?" அங்கிளின்ர குரல்.

"மை நீஸ் இஸ் சிக். ஃபீவர். மை சன் வில் கம்."

 அங்கிள் பக்கத்தில நிண்ட அப்பாவைப் பாத்துக் கேட்டிருக்கவேணும். "உண்மையோ? நல்ல காய்ச்சலோ?"

"யெஸ்" எண்டார் என்ர அப்பா. "ஃபீவர்."

பெரியப்பாவின்ர பொய் எனக்குச் சுடேல்லை. அப்பாவின்ர அந்த ஒரு சொல்லு இருக்கே, நெஞ்சில ஏறி மிதிச்ச மாதிரி இருந்தது. இப்ப யோசிச்சால் விளங்குது, அப்பாவுக்குச் சொந்தமா வீடு இல்லை, தமையனை விட்டால் இந்த நாட்டில ஒரு நாதி இல்லை. விளங்குது எண்டதுக்காக ஆறிப்போச்சுது எண்டு நினைக்காதேங்கோ.

அம்மா தேத்தண்ணிக் கேத்திலை வைச்சா. கிட்ட வந்து என்ர நெத்தியில புறங்கையை வைச்சுப் பாத்தா. கழுத்தடியிலயும் வைச்சுப் பாத்தா. பிறகு போய்ப் பின்கதவைத் திறந்து விட்டா. 

வீட்டைச் சுத்திக்கொண்டு ஓடிப்போய் யூட்டில ஏறி இருந்திட்டன். அங்கிளின்ர மகள் நகர்ந்து இடம் விட்டாள். அங்கிள் வந்து கதவைத் திறந்தவர், என்னைக் கண்டிட்டு, வாசலில நிண்ட பெரியப்பாவைத் திரும்பிப் பாத்தார். "கெதியில சுகமாப்போட்டாள்" எண்டு சொல்லிப்போட்டு ஏறி ஸ்ராட் பண்ணினார். பெரியப்பா வேட்டியைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வாறது கண்ணாடியில தெரிஞ்சுது. அண்ணா பின்னால நிண்டு கையைக் காட்டினான், போ போ எண்டு.

அண்டைக்கு நான் கண்டுபிடிச்ச ஒவ்வொரு முயலையும் பெரியப்பாவை நினைச்சுக்கொண்டுதான் காட்டினன். அதாலதான் ஒண்டும் தப்பேல்லை எண்டு நினைக்கிறன். பின்னேரம் அங்கிள் ரெண்டு முயலைத் தோலுரிச்சு, பேப்பரில சுத்தி, "இது உன்ர பங்கு" எண்டு தந்தார். வீட்டுக்குள்ள அதைக் கொண்டுவர பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடிக்கேல்லை. ஏனெண்டால் பேப்பருக்குள்ள என்ன கிடக்கெண்டு அவருக்குத் தெரியும். ஊரில வன்னிக்குப் போனால் முயல் கறி தின்னாமல் திரும்பமாட்டன் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பார்.

அம்மா வறுத்த தூள் போட்டு, பெருஞ்சீரகம் போட்டு, பைக்கற்றில வாற காய்ஞ்ச தேங்காய்ப் பூவைச் சுடுதண்ணியில ஊறவைச்சுப் பிழிஞ்ச பாலை விட்டு வத்தக் காய்ச்சினா. மணம் மண்ணெண்ணெய் மணத்தையும் அமத்திக்கொண்டு ஹோலுக்குள்ள போச்சுது. பெரியப்பா கூப்பிட முதலே கை கழுவிக்கொண்டு வந்து இருந்திட்டார். அந்த வீட்டில முதல் அவருக்கு, பிறகு அப்பாவுக்கு, பிறகு அண்ணாவுக்கு, பிறகு எனக்கு, மிஞ்சினால் அம்மாவுக்கு. அதுதான் ஒழுங்கு.

அண்டைக்கு அம்மா கறிச்சட்டியைக் கொண்டுவந்து என்ர முன்னால வைச்சா. பெரிய தொடைத் துண்டு ரெண்டை என்ர சோத்துக் கோப்பையில போட்டா. அண்ணாவுக்கு ரெண்டு துண்டு போட்டா. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் சோறு, பருப்பு, முட்டைக்கோவா வறை.

பெரியப்பா பாத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "எனக்குக் கறி எங்க?"

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொன்னியளே, பெரியத்தான்" எண்டா அம்மா. "காய்ச்சல்காரி தொட்டுத் தூக்கிக்கொண்டு வந்த முயல். உங்களுக்குத் தொத்திப்போடும். நீங்கள் தின்னக்கூடாது."

அப்பா தலையை நிமிர்த்தினார். "உங்களுக்கும்தான்" எண்டா அம்மா. "நீங்களும் காய்ச்சல் எண்டுதானே சொன்னீங்கள்."

அந்த வீட்டில அம்மா அவ்வளவு கனக்கக் கதைச்சு ஒருத்தரும் கேட்டதில்லை. நான் எலும்பைக் கடிச்சுச் சூப்பினன், சத்தம் கேக்கத்தக்கதாச் சூப்பினன். அண்ணா சிரிப்பை அடக்க ஏலாமல் சோத்துக்குள்ள குனிஞ்சிட்டான். பெரியப்பாவுக்குக் காது ரெண்டும் சிவந்துபோச்சுது. ஒரே ஒரு சொல்லு, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை எண்டு சொன்னால் போதும், கறி வந்திடும். அதைச் சொன்னால் பொய் சொன்னதெண்டு ஆகும். எழும்பிப் போனாலும் அதுதான். அந்தாள் பருப்பைப் பிசைஞ்சார்.

கொஞ்ச நேரம் கழிச்சு அப்பாதான் வாய் திறந்தார். மெல்லத்தான் சொன்னார். "பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. நான் பொய் சொன்னனான்."

அம்மா அகப்பையை எடுத்து அப்பாவுக்கு நிறையப் போட்டா. போட்டிட்டு அகப்பையைக் கையில வைச்சுக்கொண்டு பெரியப்பாவைப் பாத்தா. நாங்கள் எல்லாரும் பாத்தம். அவர் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கேல்லை. பருப்போடயும் கோவா வறையோடயும் கடைசிச் சோறு மட்டும் திண்டு முடிச்சார்.

சட்டியில ரெண்டு துண்டு மிச்சம் கிடந்தது. அம்மா அதை ஒரு கிண்ணத்தில போட்டு, அவருக்கு முன்னாலேயே என்னட்டைத் தந்து, "இறைச்சிக்கடை அங்கிளுக்குக் குடுத்திட்டு வா, பிள்ளை" எண்டா. நான் கை கழுவிப்போட்டு, பெரியப்பாவின்ர கதிரையைக் கடந்து, முன்கதவால கொண்டுபோனனான்.